கதை தெரிந்த பிறகு புத்தகத்தில் என்ன இருக்கிறது?

போன கிழமை கடைக்குப் போட்டோக்கொப்பி அடிக்க வந்த ஏ/எல் (உயர்தரம்) படிக்கிற பிள்ளை ஒன்று, மெசின் ஓடி முடியும்வரை சும்மா நிற்க மாட்டாமல் கேட்டது. "அங்கிள், பொன்னியின் செல்வன் ரெண்டு படமும் பாத்திட்டன். கதை முழுக்கத் தெரியும். ஹிஸ்ரோரிக்கல் பிக்சன் எண்டால் கல்கிதான், அது சரி. இனி அந்த அஞ்சு பாகத்தையும் வாசிக்கத்தான் வேணுமா? நீங்களும் எல்லாரையும் மாதிரிப் புத்தகம்தான் நல்லம் எண்டு சொல்லுவீங்க, என்ன?" பின்னால் நாலு பேர் அடையாள அட்டைக் கொப்பிக்கு நின்றார்கள். "எழுதித் தாறன் மகள்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஒரு பக்கத்தில் முடியும் என்றுதான் நினைத்தேன்.

முதலில் சுருக்கமான பதில். புத்தகம்தான் நல்லம் என்று நான் சொல்ல மாட்டேன். படத்தை முதலில் பார்த்ததில் உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை. படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்குப் போகிறவருக்குத்தான் ஆதாயம் என்பது என்னுடைய கட்சி. வாசிக்கிற சனம் இதைக் கேட்டால் என்னோடு சண்டைக்கு வரும். வரட்டும்.

எங்கள் வீட்டில் பொன்னியின் செல்வன் அச்சடித்த புத்தகமாக இருக்கவில்லை. பெரிய மாமா கல்கி இதழில் தொடராக வந்த பக்கங்களைக் கழற்றி, ஊசி நூலால் தைத்து, சாக்குத்துணி ஒட்டி 'பைண்ட்' பண்ணி வைத்திருந்தார். சில அத்தியாயங்கள் முடிகிற பக்கத்தில் அரைவாசிக்கு ஒரு தைல விளம்பரம் இருக்கும். வந்தியத்தேவன் ஆபத்தில் தொங்கிக்கொண்டிருப்பான், பக்கத்தில் ஒரு மனிசன் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். எனக்குப் பதினைந்து வயது இருக்கும்போது அந்த ஐந்து கட்டில் நாலுதான் இருந்தது. மூன்றாம் பாகம், கொலை வாள், யாரோ இரவல் வாங்கிப் போய்த் திரும்பி வரவில்லை. நான் சுழற்காற்றில் இருந்து மணிமகுடத்துக்குப் பாய்ந்தேன். கடலில் தத்தளித்துக் கரை சேர்ந்த இளவரசனுக்கு இடையில் என்ன நடந்தது என்று நானே இட்டுக்கட்டினேன். என்னுடைய மூன்றாம் பாகத்தில் பூங்குழலிக்கு நிறைய வேலை இருந்தது. பல வருசம் கழித்து உண்மையான கொலை வாளை வாங்கி வாசித்தபோது, சொன்னால் சிரிப்பீர்கள், கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. கல்கியை விட நான் நல்லாய் எழுதியிருக்கிறேன் என்று நினைத்த வயது அது.

அதற்குப் பிறகு மூன்று தடவை முழுதாக வாசித்திருக்கிறேன். யார் சாவது, யாருக்கு முடி என்பதெல்லாம் மனப்பாடம். அப்படியிருந்தும் வாசிப்பு தேய்வதில்லை. கோடிக்கரைச் சதுப்பில் இரவில் எரிகிற கொள்ளிவாய்ப் பிசாசு, பூங்குழலி தனியே படகு தள்ளுகிற விதம், வழிப்போக்கர்கள் வாயாடுவது, ஆழ்வார்க்கடியான் வீண்சண்டை போடுவது, இவைதான் மறுபடி கூப்பிடுகின்றன. கதை தெரியாத முதல் தடவை இவற்றையெல்லாம் நான் தாண்டிக்கொண்டுதான் ஓடினேன். அடுத்தது என்ன என்ற அவதி அப்போது. நீங்கள் அந்த அவதியைத் தியேட்டரில் தீர்த்துவிட்டு வருகிறீர்கள். முதல் பக்கத்திலேயே ஆறுதலாக உட்கார்ந்து வீராணம் ஏரியைப் பார்க்கலாம்.

மணிரத்னம் 2022இலும் 2023இலும் எடுத்த இரண்டு படமும் சேர்த்து ஐந்தரை மணித்தியாலம் வரும். 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த ஒரு தொடரை அதற்குள் மடிப்பதென்றால் வெட்டத்தான் வேண்டும். மணிமேகலை என்ற பெண்ணையே தூக்கிவிட்டார்கள். எனக்கு அதில் கோபம் இல்லை. ஆனால் ஒரு இடம் இருக்கிறது. ஆதித்த கரிகாலன் எப்படிச் செத்தான் என்பதைக் கல்கி தெளிவாகச் சொல்லாமலே விட்டார். சரித்திரத்திலும் அது முழுசாகத் தெளியாத விசயம். கல்கி விளக்கை அணைத்துவிட்டு ஓசையை மட்டும் கேட்க விட்டார். படம் விளக்கைப் போட்டுவிட்டது. அந்தக் காட்சி வடிவாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. புத்தகத்தில் அதை வாசிக்கும்போது உங்களுக்குக் கண் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். இன்னொன்று, படத்தில் கடல் சண்டை பிடிக்கிற இடம். கல்கியின் பூங்குழலிக்கு அது வீட்டு முற்றம். திருகோணமலையில், கடலோரத் திருக்கடலூர்ப் பக்கம் வளர்ந்த பிள்ளைக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை.

இனி நான் உண்மையாக விரும்புகிற படத்துக்கு வருகிறேன். 1978இல் வந்த முள்ளும் மலரும்.

அதை நான் தியேட்டரில் பார்க்கவில்லை. எண்பதுகளில் ஒரு வீட்டு முற்றத்தில், வாடகைக்கு எடுத்த ரிவியும் வீடியோ டெக்கும் ஜெனரேற்றரும் வைத்து, ஆளுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, விடிய விடிய மூன்று படம் ஓடுவார்கள். இது மூன்றாவது படம். கடைசிக் காட்சியில் தங்கச்சி வள்ளி மாப்பிள்ளை இஞ்சினியரோடு நடந்து போகிறாள், ஒற்றைக் கையோடு அண்ணன் காளி நிற்கிறான், டப் என்று எல்லாம் இருட்டு. ஜெனரேற்றருக்கு எண்ணெய் முடிந்துவிட்டது. விடியச்சாமம் மூன்று மணிக்கு எண்ணெய்க்கு எங்கே போவது? முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் படத்தை முடித்து வைத்தார்கள். எங்கள் ஆச்சி, "அவள் புருசனோடதான் போவாள், போகத்தானே வேணும்" என்றார். பெடியள் காளி போய் இஞ்சினியரை அடிப்பான் என்றார்கள். ஒரு அக்கா, காளி மனம் திருந்திக் காலில் விழுவான் என்றார். அந்தக் கசெற்றை மறுபடி பிடித்துப் பார்க்க எனக்கு ஒரு வருசம் சென்றது. தங்கச்சி ஓடி வந்து கட்டிப்பிடித்ததும் காளி இளகி, தானே அவளைக் கல்யாணத்துக்கு அனுப்புகிறான். ஆனால் அந்த மாப்பிள்ளையை இப்போதும் தனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் முகத்துக்கு நேரே சொல்லித்தான் அனுப்புகிறான். முற்றத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை. மனிசன் மாறாமலே பெருந்தன்மையாக நடக்கலாம் என்று நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லை.

அந்தப் படம் உமாசந்திரனின் நாவலில் இருந்து வந்தது. இயக்கிய மகேந்திரன், காளி கையை இழக்கும் இடம்வரை வாசித்ததோடு புத்தகத்தை மூடிவைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். நாவலில் கையைக் கொண்டுபோவது புலி. படத்தில் லொறி. இந்த மாற்றத்தைப் பற்றி நான் நெடுக யோசித்திருக்கிறேன். புலி கடித்தால் அது விதி, வீரம், கதை சொல்லத் தோதான காயம். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தவன்மேல் லொறி ஏறினால் அதில் ஒரு பெருமையும் இல்லை. அகங்காரம் மட்டும் மிச்சம் இருக்கிற மனிசனிடம் கையையும் பறித்து, சொல்லிக்கொள்ள ஒரு கதையையும் கொடுக்காமல் விட்டார் மகேந்திரன். புத்தகத்துக்கு 'விசுவாசமாக' எடுத்திருந்தால் இது கிடைத்திருக்காது.

அந்தப் படத்துக்குக் கமரா பிடித்தவர் நம்முடைய கிழக்கு மாகாணத்துக்காரர். மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா. அவர் ஒளிப்பதிவு செய்த முதல் தமிழ்ப் படம் அதுதான். பள்ளிக்கூட வயதில் இலங்கையில் டேவிட் லீன் படம் பிடிப்பதைப் பார்த்ததுதான் தன்னைச் சினிமாவுக்கு இழுத்தது என்று அவர் பல தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் படம் 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்', 1957. கித்துல்கலவில் களனி கங்கைக்குக் குறுக்கே பாலம் கட்டி எடுத்தது. அதுவும் ஒரு நாவல்தான், பியர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியது. அதில் என்ன விசேசம் தெரியுமா? புத்தகத்தில் பாலம் தப்பிவிடுகிறது. படத்தில் விழுந்துவிடுகிறது. அத்தனை பாடுபட்டுக் கட்டிய பாலத்தை உடைக்காமல் தியேட்டரில் இருந்து சனத்தை எழுப்பி அனுப்ப முடியாது என்று சினிமாக்காரருக்குத் தெரியும். நாவலாசிரியருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வாசகரை வயிறு எரிய விட்டுவிட்டுப் போகலாம்.

மகேந்திரன் அடுத்த வருசம் எடுத்த உதிரிப்பூக்கள் புதுமைப்பித்தனின் சிற்றன்னை என்ற குறுநாவலைத் தொட்டு எடுத்தது. தொட்டு என்றுதான் சொல்ல வேண்டும். ஊர் கூடி ஒருவனை ஆற்றில் இறங்க வைக்கிற அந்த முடிவு குறுநாவலில் கிடையாது. தாயை இழந்த இரண்டு பிள்ளைகளை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார், மிச்சத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டார். ஒரே நாளில் குறுநாவலை வாசியுங்கோ, படத்தையும் பாருங்கோ. எது மூலம், எது தழுவல் என்ற கேள்வியே அர்த்தம் இல்லாமல் போய்விடும்.

ஜெயகாந்தன் இந்த வேலையைத் தன்னுடைய கதைக்குத் தானே செய்தார். அக்கினிப் பிரவேசம் என்ற சிறுகதையில், மழை நாளில் கெட்டுப்போனாள் என்று ஊர் சொல்லக்கூடிய மகளைத் தாய் தண்ணீர் வார்த்துக் குளிப்பாட்டி, நீ சுத்தம் என்று உள்ளே கூட்டிப் போகிறாள். பெரிய சண்டை நடந்தது அந்த முடிவுக்காக. சரி, தாய் அப்படிச் செய்யாமல் வாய்விட்டுக் கத்தியிருந்தால் அந்தப் பெண் என்ன ஆவாள் என்று அவர் எழுதியதுதான் சில நேரங்களில் சில மனிதர்கள். 1977இல் பீம்சிங் படமாக்கினார், லட்சுமிக்குத் தேசிய விருது கிடைத்தது. எனக்குச் சிறுகதைதான் பிடிக்கும். அதற்கு இந்தச் சிரட்டை அளவு தண்ணீர் போதும்.

பிடித்த படம், அதைவிடப் பிடித்த புத்தகம் என்று ஒரு சோடி சொல்ல வேண்டுமென்றால் அசுரனும் வெக்கையும். வெற்றிமாறனின் அசுரன் 2019இல் வந்தபோது நீங்கள் சின்னப்பிள்ளை, போனில் பார்த்திருப்பீர்கள். அது பூமணி 1982இல் எழுதிய வெக்கையில் இருந்து வந்தது. படத்தின் நாயகன் தகப்பன். நாவலின் நாயகன் பதினைந்து வயது மகன் சிதம்பரம். கொலை முதல் பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பிறகு தகப்பனும் மகனும் ஒளிந்து திரிவதுதான் நாவல் முழுக்க. எங்கே படுப்பது, எந்தக் கிணற்றில் இறங்கலாம், எதைத் தின்பது, அடுப்பை எங்கே மூட்டுவது.

இதை நான் வாசித்தது இடம்பெயர்ந்து திரும்பி வந்த பிறகு. 90இல் நாங்கள் மூன்று நாள் பற்றைக் காட்டுக்குள் இருந்தோம். அம்மா ஈர விறகை ஒதுக்கி, காய்ந்த சுள்ளியாகப் பொறுக்கி, மரத்துக்குக் கீழே கிடங்கு கிண்டி அடுப்பு வைத்தார். புகை இலைக்குள்ளேயே பரவிக் கரைந்துபோக வேண்டும், மேலே எழும்பினால் எங்கள் இடம் தெரிந்துவிடும். கஞ்சி கொதிக்கும்வரை ஒருவரும் கதைக்கவில்லை. வெக்கையில் அவர்கள் சமைக்கிற இடம் வரும்போதெல்லாம் நான் புகையைத்தான் பார்த்தேன், புத்தகத்தில் இல்லாத புகையை. தனுஷ் நல்லாய் நடித்தார், சண்டைக்குத் தியேட்டரில் நானும் விசில் அடித்தேன். ஆனால் படத்துக்குச் சமைக்க நேரம் இல்லை. ஒளிந்திருக்கிறவனுக்குச் சமையல்தான் முழுநாள் வேலை என்பது பூமணிக்குத் தெரிந்திருக்கிறது.

படமாக்கவே கூடாது என்று நான் நினைக்கிற நாவலும் உண்டு. தி. ஜானகிராமனின் மோகமுள். 1995இல் ஞான ராஜசேகரன் படமாக்கினார். சங்கீத குரு ரங்கண்ணாவாக வருகிற நெடுமுடி வேணுவுக்காக ஒரு தடவை பார்க்கலாம். ஆனால் அந்த நாவல் கண்ணுக்கு எழுதப்பட்டதல்ல. கும்பகோணத்துத் துக்காம்பாளையத் தெருவில் ஒரு தம்புரா ஓசைக்காக நாயகன் பாபு காதைத் தீட்டிக்கொண்டு இருப்பது, சுருதி சேராத இடத்தில் அவனுக்கு உடம்பு கூசுவது, இதை வாசிக்கும்போது நமக்கும் காது கூர்மையாகிறது. சங்கீதம் தெரியாத எனக்கே. படத்தில் நிசமான பாட்டு வந்துவிடுகிறது, இளையராஜாவின் பாட்டு. நல்ல பாட்டுத்தான். பாட்டு கேட்டுவிட்டால் பிறகு கற்பனையில் கேட்க என்ன இருக்கிறது? மிஞ்சுவது வயதில் மூத்த பெண்ணை ஒருவன் விரும்பின கதை.

இவ்வளவும் சொல்லிவிட்டு நம் ஊரைச் சொல்லாமல் விட்டால் சரியில்லை.

தழுவல் என்பது சினிமா வந்த பிறகு வந்த வியாதி என்று நினைக்காதீர்கள். ஈழத்தில் வந்த மிகப் பழைய தமிழ் நாவல்களில் ஒன்று 1891இல் திருகோணமலை இன்னாசித்தம்பி எழுதிய ஊசோன் பாலந்தை கதை. பெயர் என்ன இப்படி என்று யோசிப்பீர்கள். ஐரோப்பாவில் பழைய காலத்தில் சொல்லிவந்த ஓர்சன், வலன்ரைன் என்ற இரட்டைப் பிள்ளைகளின் கதை அது, ஒருவனைக் கரடி வளர்க்கும். ஓர்சன் நம் வாயில் ஊசோன் ஆனான், வலன்ரைன் பாலந்தை ஆனான். நாலு வருசத்தில், 1895இல், இன்னொரு திருகோணமலைக்காரர், தி. த. சரவணமுத்துப்பிள்ளை, சென்னையில் இருந்தபடி மோகனாங்கியை வெளியிட்டார். தமிழின் முதல் சரித்திர நாவல் என்று சொல்லப்படுவது அது. நாயக்கர் காலத்துக் கதை. கல்கி பிறக்கவே இன்னும் நாலு வருசம் இருந்தது. நீங்கள் 'ஹிஸ்ரோரிக்கல் பிக்சன் எண்டால் கல்கிதான்' என்று சொன்னதும் எனக்கு உள்ளுக்குள்ளே சுருக்கென்றது அதனால்தான்.

சினிமாவிலும் நமக்கு ஒரு பங்கு உண்டு. விண்வெளிக் கதைகள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956இல் இலங்கைக்கு வந்து, நண்பர் மைக் வில்சனோடு திருகோணமலைக் கோணேசர் மலையடிக் கடலில் சுழியோடினார். பழைய கோயிலின் தூண்களும் கல்லும் கிடந்ததைப் பார்த்து அடுத்த வருசமே புத்தகம் எழுதினார். வில்சன் 1962இல் ரன்முத்து தூவ என்ற சிங்களப் படத்தை எடுத்தார். முழுநீளச் சிங்களப் படங்களில் முதல் வர்ணப்படம், திருகோணமலைக் கடலுக்கு அடியில் எடுத்த காட்சிகளோடு. காமினி பொன்சேகா நடித்தார். அப்பா அதைப் பற்றிக் கதைக்கும்போதெல்லாம் கதையைச் சொல்ல மாட்டார், தண்ணீரின் நிறத்தைத்தான் சொல்லுவார். "நாங்கள் குளிச்ச தண்ணிக்குக் கீழ இவ்வளவு நிறம் இருந்ததெண்டு எங்களுக்கே தெரியாது" என்பார்.

கிளார்க் பிறகு இயக்குநர் குப்ரிக்கோடு சேர்ந்து 2001 என்ற விண்வெளிப் படத்துக்குக் கதை எழுதினார். 1968. அதில் நாவலும் படமும் ஒன்றோடொன்று வளர்ந்தன. புத்தகத்தில் கப்பல் சனிக்கிரகத்துக்குப் போகிறது, படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. சனியின் வளையத்தைத் திரையில் நம்பும்படி காட்ட அப்போது அவர்களால் முடியவில்லை. எழுதுகிறவருக்கு ஒரு வசனத்தில் வளையம் வந்துவிடும். படம் எடுக்கிறவர் அதைச் செய்தல்லவா காட்ட வேண்டும்.

யாராவது காசுக்காரர் என்னிடம் வந்து, எதைப் படமாக்கலாம் என்று கேட்டால் (கேட்க மாட்டார்கள், போட்டோக்கொப்பிதான் கேட்பார்கள்) மூதூர் வ. அ. இராசரத்தினத்தின் தோணியைச் சொல்லுவேன். சில பக்கச் சிறுகதை. தனக்கென்று ஒரு தோணி வேண்டும் என்று ஏங்குகிற மீனவப் பெடியன். நான் அதை மூதூர் லோஞ்ச் படகில் இருந்து வாசித்தேன், டீசல் மணத்துக்குள். தலையைத் தூக்கினால் ஒருவன் தனியே துடுப்பு வலித்துக்கொண்டு போகிறான். அந்தத் தோணி அவனுடையதா, முதலாளியுடையதா என்று லோஞ்சில் இருந்து எப்படித் தெரியும்? கதையை வாசிக்க முதல் அந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை. வளர்ந்ததெல்லாம் இந்தக் கடற்கரையில். படம் எடுத்தால் பாட்டும் சண்டையும் வேண்டாம், அந்தக் கேள்வி மட்டும் திரையில் நின்றால் போதும்.

செங்கை ஆழியானின் வாடைக்காற்று 1978இல் படமானது. பாட்டுகளை வானொலியில் கேட்டுக் கேட்டு வளர்ந்தேன், படம் மட்டும் எனக்குக் கிடைக்கவேயில்லை. நாவலை மட்டும் வைத்துக்கொண்டு மனதுக்குள் நானே ஓட்டிக்கொள்கிறேன். அதில் எண்ணெய் முடிவதில்லை.

ஆகவே மகள், சோதனை முடிந்ததும் தொடங்குங்கோ. ஐந்தையும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டாம். மூன்றாம் பாகம் என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது, அது இல்லாமல் இருந்த காலத்துப் பயத்தில் கண்ட இடத்தில் வாங்கினது. ஒன்றை மேசை லாச்சிக்குள் உங்கள் பெயர் எழுதி வைத்திருக்கிறேன், திருப்பித் தரவேண்டாம். முதல் இரண்டையும் எங்கேயாவது பிடித்து வாசித்துவிட்டு வந்து எடுங்கோ. இல்லாவிட்டால் நான் செய்த மாதிரி, இடையில் நடந்ததை நீங்களே எழுத வேண்டி வரும்.